எத்தனை மீட்டர் மிச்சம்? தையல் துணி இருப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தைப்பதற்கென்று வாங்கி வைத்த துணிகள் 60, 70 பிட்டுகள் இருக்கும். எது என்ன துணி, எத்தனை மீட்டர் என்று தெரியவில்லை. நிறவாரியாக அடுக்கிப் பார்த்தேன். ஒரே மாதத்தில் பழையபடி கலைந்துவிட்டது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

அடுக்குவதைத் தள்ளிப் போடுங்கள், முதலில் அளந்துவிடுங்கள். நிறத்தைக் கண்ணே சொல்லிவிடும். மடித்து வைத்த துணி சொல்லாதது அதன் நீளத்தையும் அகலத்தையும்தான். "இது சட்டைக்குப் போதுமா?" என்று ஒவ்வொரு முறையும் பிரித்துப் பார்ப்பதால்தான் அலமாரி கலைகிறது. அளவு எழுதியிருந்தால் பிரிக்கும் வேலையே பாதி குறைந்துவிடும்.

ஒரு நாளைக்குப் பத்துப் பிட்டு போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டிலில் கொட்டினால், பாதியில் அலுத்துப்போய் அப்படியே திரும்ப உள்ளே திணிப்பதில்தான் முடியும். தரையிலோ மேசையிலோ துணியைச் சுருக்கமில்லாமல் விரித்து, கரையை ஒட்டி இஞ்ச் டேப்பை வைத்து அளக்க வேண்டும். அகலத்தைக் கரைக்குக் கரை அளந்து, கரையில் ஊசித்துளை வரிசையும் தடித்த நெசவும் உள்ள பட்டையைக் கழித்துவிடுங்கள். தைக்க உதவும் அகலம்தான் கணக்கு. இரண்டு பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர் போனால் 112 என்பது 109 ஆகிவிடும். நீளத்தை அளப்பதற்கு முன் வெட்டு முனையைப் பாருங்கள். கோணலாக வெட்டியிருந்தால் ஓர் ஊடை நூலை (கரைக்குக் கரை குறுக்கே ஓடும் நூலை) உருவி, அந்தக் கோட்டில் வெட்டி நேராக்கிய பிறகு அளக்க வேண்டும். கோணலான முனையின் நீண்ட பக்கத்தை அளந்து 2 மீட்டர் என்று எழுதிவிட்டு, வெட்டும்போது 1.92 என்று கண்டு திகைப்பவர்கள் நிறைய.

கஜமும் மீட்டரும் கலந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கஜம் 91.44 சென்டிமீட்டர். 3 கஜத் துணியை 3 மீட்டர் என்று எழுதினால், இல்லாத 26 சென்டிமீட்டர் இருப்பில் ஏறிவிடும். பேசாமல் எல்லாவற்றையும் சென்டிமீட்டரில் எழுதிவிடுவது நல்லது.

பின்னலாடைத் துணி என்றால் பிரித்ததும் அளக்காதீர்கள். மடிப்பிலும் சுருளிலும் இழுபட்டிருக்கும். ஓர் இரவு தரையில் விரித்துவிட்டுக் காலையில் அளந்தால் உண்மையான நீளம் கிடைக்கும்.

கேள்வி: நோட்டா, அட்டையா, கணினி அட்டவணையா? என்னென்ன எழுத வேண்டும்?

எதுவானாலும் சரி, வெட்டும் மேசையிலிருந்து கை நீட்டினால் எட்ட வேண்டும். தேடிப் பார்க்கக் கணினி அட்டவணை வசதி. கையில் கத்தரிக்கோல் இருக்கும்போது அதைத் திறக்க யாருக்கும் மனம் வராது. துணியோடு ஒரு சிறு அட்டை, மொத்தக் கணக்குக்கு ஒரு நோட்டு அல்லது அட்டவணை என்று இரண்டையும் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

எழுத வேண்டியவை: எண், துணி வகை, நீளம், தைக்க உதவும் அகலம், துவைத்ததா இல்லையா, இருக்கும் இடம், வாங்கிய மாதமும் ஆண்டும். இவற்றோடு "ஒரு திசைப் பூ" அல்லது "இரு திசையும் ஒன்று" என்ற குறிப்பும் வேண்டும். ஒரே திசையில் பூ நிற்கும் துணியில் உருப்படிகளை, அதாவது வெட்டியெடுக்கும் பாகங்களை, தலைகீழாகத் திருப்பி வைக்க முடியாது. அதே நீளம் இருந்தும் வேறு உடைக்குத்தான் போதும். இதற்கு மேல் பத்தி பத்தியாகச் சேர்க்க ஆசை வரும். "என்ன தைக்கப்போகிறேன்" என்ற பத்தியைச் சேர்த்தவர்கள் பெரும்பாலும் அதை மாற்றி மாற்றி எழுதியே ஓய்ந்திருக்கிறார்கள். தேவையில்லை.

எண்ணில் ஒரு விஷயம். அலமாரியின் இரண்டாம் தட்டு, பருத்தி, நீலம் என்பதையெல்லாம் சேர்த்து "2-ப-நீ-07" என்று எண் கொடுக்காதீர்கள். துணி அடுத்த தட்டுக்குப் போன அன்றே எண் பொய்யாகிவிடும். 1, 2, 3 என்று வெறும் வரிசை எண் கொடுங்கள். இடத்தைத் தனிப் பத்தியில் பென்சிலால் எழுதுங்கள். துணி தீர்ந்த பிறகு அதன் எண்ணை வேறு துணிக்குக் கொடுக்கவும் கூடாது. பழைய குறிப்பும் புது குறிப்பும் குழம்பும்.

நோட்டில் ஒட்ட 5 சென்டிமீட்டர் சதுர மாதிரி போதும். ஜிக்ஜாக் கத்தரிக்கோலால் வெட்டினால் நூல் பிரியாது. ஸ்டேப்ளர் பின் வேண்டாம். ஈரக்காற்று பட்டால் துருப்பிடித்து மாதிரியில் பழுப்பு வட்டம் விழும். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு தையல் போட்டு விடுங்கள். மாதிரியைத் தூக்கிப் பின்பக்கம் பார்க்கலாம், விரலால் தடவியும் பார்க்கலாம். புகைப்படம் எடுப்பதானால் துணிமேல் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். பூ எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் தெரியும்.

கேள்வி: நோட்டில் 2 மீட்டர் என்று இருக்கும். எடுத்துப் பார்த்தால் 1.30தான் இருக்கிறது. எழுதி வைத்தும் ஏன் இப்படி?

கணக்கு எழுதும்போது கெடுவதில்லை. வெட்டும்போது கெடுகிறது. தைத்து முடித்த பிறகு கழித்துக்கொள்ளலாம் என்று விடுவோம். அதற்குள் மிச்சத்தை மடித்து உள்ளே வைத்தாயிற்று, அளவும் மறந்தாயிற்று.

ஒரு பழக்கம் போதும். அட்டையைத் துணியோடு நூல் வளையத்தில் கட்டி வைத்திருப்பீர்கள் அல்லவா? வெட்டத் துணியை விரிக்கும்போது அந்த அட்டையைக் கழற்றிக் கத்தரிக்கோல் வைக்கும் இடத்தில் வையுங்கள். வெட்டி முடித்ததும் மிச்சத்தை அளந்து, பழைய அளவை அடித்துப் புது அளவை எழுதி, அட்டையைத் திரும்பக் கட்டிய பிறகுதான் துணி மேசையை விட்டுப் போக வேண்டும். பெரிய நோட்டில் ஏற்றுவது மாதத்துக்கு ஒரு முறை நடந்தாலும் பரவாயில்லை. அட்டை சரியாக இருந்தால் நோட்டை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்துகொள்ளலாம். அட்டையைக் குத்த இரும்பு ஊக்கு வேண்டாம், துருக்கறை துணியில் இறங்கும்.

மிச்சத்தை எப்படி அளப்பது என்பதிலும் ஒரு பிசகு நடக்கும். முன்பாகம், பின்பாகம், கை என்று வெட்டி எடுத்த பிறகு துணி ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் குறைந்தும் படிக்கட்டு மாதிரி நிற்கும். நீண்ட பக்கத்தை அளந்து 1.30 என்று எழுதுவது தப்பு. முழு அகலமும் கிடைக்கும் நீளத்தை எழுதி, ஒட்டியிருக்கும் துண்டைத் தனியாகக் குறியுங்கள்: "80 × 109, கூடவே 50 × 40". இரண்டு எண்ணாக எழுதினால்தான் அடுத்த முறை பிரிக்காமலே முடிவெடுக்கலாம்.

கேள்வி: துணியைப் பிரிக்காமலே எடை போட்டு நீளம் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஓரளவுக்கு. துணியை முதன்முதலாக அளக்கும்போதே சமையலறைத் தராசில் எடையும் போட்டுக்கொள்ளுங்கள். 200 சென்டிமீட்டர் துணி 270 கிராம் என்றால் மீட்டருக்கு 135 கிராம். அந்த எண்ணை அட்டையில் எழுதி வையுங்கள். பின்னால் மிச்சம் 175 கிராம் நின்றால், 175-ஐ 135-ஆல் வகுக்க, ஏறக்குறைய 1.30 மீட்டர்.

அதே எண்ணிலிருந்து ஜிஎஸ்எம்மும் கிடைக்கும், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது. 270-ஐ நீளம் 2, அகலம் 1.12 இரண்டின் பெருக்கலால் வகுத்தால் 120 சொச்சம். சட்டைக்கு ஏற்ற லேசான துணி என்று எண்ணே சொல்லிவிடுகிறது. 10 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி எடை போட்டு 100-ஆல் பெருக்கும் வழி ஆய்வகத் தராசுக்குச் சரி. கிராம் கணக்கில் மட்டும் காட்டும் வீட்டுத் தராசில் 1.2 கிராமும் 1 என்றே விழும், கணக்கு எங்கோ போய்விடும். முழுத் துணியையே நிறுங்கள்.

எடை இரண்டு இடத்தில் ஏமாற்றும். பருத்தியும் கம்பளியும் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். மழைநாளில் போட்ட எடை சில சதவீதம் கூடுதலாகக் காட்டும். அடுத்தது, எடை மொத்தப் பரப்பைத்தான் சொல்லும், வடிவத்தைச் சொல்லாது. முந்தைய பதிலில் சொன்ன படிக்கட்டு மிச்சமும் முழு நீளத் துண்டும் தராசுக்கு ஒன்றுதான். ஆகவே இருப்பைச் சரிபார்க்க எடை போடுங்கள், வெட்டுவதற்கு முன் டேப்பை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய பிட்டுகள் சில என்ன நூல் என்றே தெரியவில்லை. கண்டுபிடிக்க முடியுமா?

எரித்துப் பார்க்கலாம். சமையலறைத் தொட்டிப் பக்கம், உலோகத் தட்டின்மேல், இடுக்கியில் பிடித்து, அருகில் தண்ணீர் வைத்துக்கொண்டு செய்யுங்கள். துணித் துண்டாக எரிக்காமல், பாவு நூல் (நீளவாக்கில் ஓடுவது) ஒரு பத்து இழை, ஊடை நூல் ஒரு பத்து இழை என்று தனித்தனியாக உருவி முறுக்கி எரியுங்கள். பாவு பருத்தியாகவும் ஊடை பாலியஸ்டராகவும் உள்ள துணிகள் உண்டு. சேர்த்து எரித்தால் குழப்பமே மிஞ்சும்.

பருத்தியும் லினனும் சட்டென்று பற்றிக் காகிதம் எரியும் வாடை வீசும். தீ அணைந்த பிறகும் கங்கு கனன்று, தொட்டால் பொடியாகும் சாம்பல் மிஞ்சும். பட்டும் கம்பளியும் தீயை விட்டு ஒதுங்கிச் சுருளும், முடி கருகும் நாற்றம் அடிக்கும், மிஞ்சும் கரிய மணி விரலில் நசுங்கும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், கரும்புகை விடும், ஆறியதும் நசுக்க முடியாத கெட்டி மணியாகும். உருகிய சொட்டு தோலில் ஒட்டிச் சுடும், ஆறும்வரை தொடாதீர்கள். கலப்பு நூல் என்றால் சாம்பலும் மணியும் சேர்ந்தே கிடைக்கும்.

விஸ்கோஸ் ரேயானைப் பருத்தியிலிருந்து பிரிக்கத் தீ உதவாது, இரண்டும் ஒரே மாதிரி எரியும். ஓர் இழையை நனைத்து இழுத்துப் பாருங்கள். நனைந்த ரேயான் இழை லேசாக இழுத்ததுமே அறுந்துவிடும். பருத்தி நனைந்தால் இன்னும் வலுக்கும்.

கண்டுபிடித்ததை அட்டையில் "எரித்துப் பார்த்தது" என்று குறித்து எழுதுங்கள். கடைக்காரர் சொன்னதற்கும் நீங்கள் பார்த்ததற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்.

கேள்வி: வாங்கியவுடன் துவைத்து வைப்பதா, தைக்கும்போது துவைப்பதா?

உடையைத் தைத்த பிறகு எப்படித் துவைப்பீர்களோ, அப்படியே இப்போதும் துவைத்து வைத்துவிடுங்கள். பருத்தி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது சாதாரணம். 300 சென்டிமீட்டரில் 4 சதவீதம் என்றால் 12 சென்டிமீட்டர் காணாமல் போகும். அகலமும் குறையும். ஃபிளானலும் ரேயானும் இதைவிட அதிகமாகச் சுருங்கலாம். துவைப்பதற்கு முன் துணியில் 50 சென்டிமீட்டர் இடைவெளியில் நூலால் இரண்டு குறி போட்டு, காய்ந்ததும் அளங்கள். 48 என்றால் 4 சதவீதம்.

துவைக்கும்போது வெட்டு முனை பிரியாமலிருக்க இரண்டு முனையிலும் ஜிக்ஜாக் தையல் ஓட்டுவோம். அதையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்: முனையில் தையல் இருந்தால் துவைத்த துணி. அட்டை தொலைந்தாலும் துணியே சொல்லும். பட்டு, ஜரிகை, வெல்வெட், உலர்சலவைக்கு மட்டுமே உரியவை ஆகியவற்றுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது.

கஞ்சி போட்டு அடுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மாவுச்சத்து என்றால் இராமபாணப் பூச்சிக்குக் கொண்டாட்டம்.

கேள்வி: பேட்டர்னில் (உடை வெட்ட உதவும் தாள் மாதிரியில்) 36 இஞ்ச் அகலத்தில் 3.20 மீட்டர் என்று போட்டிருக்கிறது. என்னிடம் 44 இஞ்ச் அகலத் துணி. எத்தனை மீட்டர் போதும்?

3.20-ஐ 36-ஆல் பெருக்கி 44-ஆல் வகுத்தால் 2.62 வரும். இந்தக் கணக்கை நம்பி வெட்டிவிடாதீர்கள். உருப்படிகள் அகலவாக்கில் எத்தனை நிற்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பெரிய உருப்படி ஒவ்வொன்றும் 50 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 36 இஞ்ச், அதாவது 91 சென்டிமீட்டரில், பக்கத்தில் பக்கமாக ஒன்றுதான் நிற்கும். 44 இஞ்ச், அதாவது 112-இல், இரண்டு நிற்கும். நீளத் தேவை பாதியளவுக்கே இறங்கிவிடும். உருப்படி 40 சென்டிமீட்டர் என்றால் 91-லும் இரண்டுதான், 112-லும் இரண்டுதான். அகலம் கூடியும் பெரிய உருப்படிகளுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட மிச்சமாகாது, பக்கத்தில் வீணாகும் பட்டைதான் பெருக்கும். பேட்டர்ன் தாள்களைத் தரையில் அடுக்கிப் பாருங்கள். 112 அகலத்துக்கு இரண்டு நூலைக் கோடாகக் கட்டிவிட்டு அதற்குள் அடுக்கினால் பத்து நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். ஒரு திசைப் பூவோ கட்டமோ என்றால், பூவின் ஒரு சுற்று நீளத்தை ஒவ்வொரு பெரிய உருப்படிக்கும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மடிப்பு விழுந்த இடத்தில் நிறம் வெளுத்துக் கோடாகத் தெரிகிறது. எப்படி மடிப்பது?

வெளிப்பக்க மடிப்பில் வெளிச்சமும் தூசியும் படுகின்றன. அதே இடம் வருடக்கணக்கில் வெளியே இருந்தால் கோடு விழத்தான் செய்யும். விழுந்த கோட்டைச் சரிசெய்ய வழியில்லை. அதைத் தவிர்த்து வெட்டுங்கள், அட்டையிலும் குறித்துவையுங்கள்.

மற்றவற்றுக்கு ஒரே அளவு மடிப்பு உதவும். 112 சென்டிமீட்டர் அகலத் துணியைக் கரைக்குக் கரை சேர்த்து மடித்தால் 56. இன்னொரு மடிப்பில் 28. அந்த நீளப் பட்டையை 20 சென்டிமீட்டர் அகல அட்டையில் சுற்றுங்கள். ஒரு சுற்றுக்கு 40 சென்டிமீட்டர் போகும், 3 மீட்டருக்கு ஏழரைச் சுற்று. முடித்ததும் அட்டையை உருவிவிட்டால் 28 × 20 கட்டு. எல்லாக் கட்டும் ஒரே அளவாக இருந்தால் இழுப்பறையில் புத்தகம்போல நிறுத்தி வைக்கலாம். ஒன்றை உருவினால் மற்றது சரியாது. நெருக்கித் திணிக்காதீர்கள், நடுவில் கை நுழைய வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, இரண்டாக மடித்ததை மூன்றாக மடியுங்கள். கோடு இடம் மாறும். அலமாரிக்குக் கதவில்லை என்றால் ஒரு வெள்ளைத் துணியைத் திரையாகப் போடுங்கள். வெல்வெட்டை மடிக்காமல் குழாயில் தளர்வாகச் சுருட்டுங்கள். ஜரிகைத் துணிக்கும் சுருட்டுவதே நல்லது, மடித்த இடத்தில் ஜரிகை முறியும். மரத்தட்டோ அட்டைப்பெட்டியோ துணியில் நேரடியாகப் படாமல் துவைத்த பருத்தித் துணியை விரியுங்கள், இல்லாவிட்டால் பழுப்பேறும்.

பிளாஸ்டிக் பெட்டி வாங்கும்போது அடியில் உள்ள முக்கோண எண்ணைப் பாருங்கள். 2-ம் 5-ம் பரவாயில்லை, 3 என்றால் பிவிசி, வேண்டாம். நன்றாகக் காயாத துணியைப் பெட்டியில் அடைத்தால் எந்தப் பெட்டியிலும் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: அந்துருண்டை போடலாமா?

தவிர்ப்பது நல்லது. அந்துருண்டையில் உள்ள நாப்தலின் ஆவி மூச்சுக்குக் கெடுதல். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது இரத்த அணுக்களைச் சிதைக்கும் ஆபத்தும் உண்டு. நாப்தலினையும் இன்னொரு வகை அந்துருண்டையான பாராடைகுளோரோபென்சீனையும் ஒரே பெட்டியில் போட்டால் இரண்டும் சேர்ந்து இளகித் துணியில் கறையாகும்.

அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளியையும் பட்டையும்தான். அவற்றை மட்டும் தனியாக வைத்து, அவ்வப்போது பிரித்து உதறினாலே பாதிப் பாதுகாப்பு. புழு வந்துவிட்டது என்றால், துணியைப் பாலிதீன் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விட்டுவிட வேண்டும். உடனே திறந்தால் குளிர்ந்த துணிமேல் ஈரம் படியும்.

கேள்வி: வெட்டுத் துண்டுகளை எறிய மனம் வரவில்லை. அவற்றுக்கும் எண் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். முழு அகலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் எண்ணோடு அலமாரிக்குப் போகட்டும். 50-க்குக் கீழே, 20-க்கு மேல் என்றால் நூல் வகைவாரியாக ஒரு பெட்டி: பருத்தி ஒன்று, மற்றது ஒன்று. அதற்கும் கீழே உள்ளவற்றில் கிராஸாக (மூலைவாக்கில்) வெட்டிப் பைப்பிங், அதாவது ஓரம் கட்டும் பட்டை, எடுக்க முடிந்தால் உடனே 4 சென்டிமீட்டர் பட்டையாக வெட்டிச் சுற்றி வையுங்கள். முடியாவிட்டால் தலையணைக்குள் அடைக்கும் பைக்குப் போகட்டும். அந்தப் பை நிரம்பினால் தலையணை தைத்தாக வேண்டும், இன்னொரு பை திறக்கக் கூடாது.

கேள்வி: லைனிங், கேன்வாஸ், எலாஸ்டிக், நூல்கண்டு இவற்றுக்கும் கணக்கு வேண்டுமா?

லைனிங்கைத் துணியோடு சேர்த்துவிடுங்கள். மற்றவற்றுக்கு நீளத்தைவிட வயதுதான் முக்கியம், வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் எழுதினால் போதும். காலர் போன்றவை விறைப்பாக நிற்க உள்ளே வைத்து இஸ்திரிபோட்டு ஒட்டும் கேன்வாஸின் பசை வருடங்கள் ஆக ஆக வலுவிழக்கும். 5 சென்டிமீட்டர் துண்டை வேண்டாத துணியில் வைத்து, 10, 15 விநாடி அழுத்தி, முழுக்க ஆறியதும் மூலையிலிருந்து உரியுங்கள். சுலபமாக வந்துவிட்டால் காலருக்கு ஆகாது. எலாஸ்டிக்கில் 10 சென்டிமீட்டர் குறித்து 15 வரை இழுத்து விடுங்கள். பழையபடி 10-க்குத் திரும்ப வேண்டும். 11-இல் நின்றாலோ உள்ளே மொறுமொறுவென்று சத்தம் கேட்டாலோ குப்பைதான். நூலை ஒரு முழம் உருவி வெடுக்கென்று இழுங்கள். பட்டென்று அறுந்தால் மேல் சுற்று மட்டும் கெட்டிருக்கலாம். சில மீட்டர் உருவி எறிந்துவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள்.